கோப்பை வாங்கிய விரல்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த வீடியோ கேம் கடையில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் கடைசி ஆட்டம். எதிராளியின் பயில்வானைத் திரையின் மூலைக்குத் தள்ளி, எழவே விடாமல் அடித்துச் சாய்த்தான் மாதேஷ். கடையே விசிலடித்தது.

தோற்றவர் பெங்களூர்க்காரர். சிரித்தபடி கை கொடுத்தார்.

"சூப்பர் தம்பி! விரல்ல இவ்வளவு வேகம் எப்படி வந்துச்சு?"

"கம்பெனியில தகடு வெட்டற பிரஸ் மிஷின்ல நாளெல்லாம் பட்டன் அழுத்தறேங்க சார். அந்தப் பழக்கந்தான்."

"அப்ப அங்கேயும் இதே வேகமா?"

கையிலிருந்த வெற்றிக் கோப்பை மாதேஷைப் பேசவைத்தது.

"அங்க எவன் சார் வேகத்தைக் காட்டுவான்? காட்டினா டார்கெட்டை ஏத்திப்புடுவாங்க. ஐந்நூறு பீஸுக்கு மேல போறதில்லைன்னு எங்க லைன்ல பன்னண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம். நெனச்சா நான் ஒருத்தனே ஆயிரம் போடுவேன்!"

"போடுவே, போடுவே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை. வழக்கம்போல ஆடி அசைந்து பட்டனை அழுத்திக்கொண்டிருந்த மாதேஷிடம், சூப்பர்வைசர் ஒருவரை அழைத்து வந்தார்.

"ஹெட் ஆபீஸ் சார். நம்ம லைனுக்குப் புது டார்கெட் போட வந்திருக்காரு."

நிமிர்ந்து பார்த்த மாதேஷின் கை அப்படியே நின்றுபோனது.

"என்ன தம்பி, நேத்து மாதிரியே ஆடு பார்க்கலாம்" என்று பெங்களூர்க்காரர் ஸ்டாப் வாட்சை அழுத்தினார்.

மற்ற பதினோரு மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

"நேத்து என்னடா ஆடினே?" என்றான் பக்கத்து மிஷின் கங்கப்பன்.