பூஸ்ட் முள்

"மச்சான், பூஸ்ட் முள்ளு நிமுந்து நின்னுச்சுன்னா, எமனே பின்னாடி ஹாரன் அடிச்சினுதான் வரணும்."

ரகுபதி இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் முகத்தோடு சொன்னான்.

பக்கத்து சீட்டில் அவன் அப்பா அப்பாவு, கம்பளி சுற்றி, பெல்ட் போட்டு உட்காரவைக்கப்பட்டிருந்தார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. பின்னால், ஒரு பள்ளிக்கூடப் பை மட்டுமே கொள்ளும் இடத்தில், ரகுபதியின் மைத்துனன் ஜீவானந்தம் முழங்கால் முகவாயில் இடிக்க மடங்கிக் கிடந்தான்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு யாரோ கொண்டுவந்து, வெறுத்துப்போய் விட்டுவிட்டுப் போன ஜப்பான் கார் அது. லாரி மெக்கானிக் ரகுபதி பழைய இரும்பு விலைக்கு வாங்கி ஓட வைத்திருந்தான். வளைகுடாச் சண்டையால் பெட்ரோல் கிடைக்காத அந்த வாரத்தில் வேறு எந்த வண்டிக்காரரும் வர ஒத்துக்கொள்ளவில்லை.

ஜீவானந்தத்தின் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு முள்தான். டர்போ எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றை அமுக்கித் திணிக்கிறது என்று காட்டும் பூஸ்ட் முள் ஒன்று. பெட்ரோல் முள் ஒன்று. முதலாவது எழுந்தால் இரண்டாவது படுத்தது.

"மாமா, இன்னும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் கீது. டேங்க்ல அஞ்சு லிட்டர்தான்."

"அதுக்கு?"

"இப்டி அமுக்கினா லிட்டருக்கு அஞ்சு கூட குடுக்காது. பாதில நின்னுடும். பொறுமையா போனா பத்து குடுக்கும்."

"பொறுமையா போனா நைனா மூச்சு தாங்குமா? அத்த சொல்லு."

ஜீவானந்தம் மனசுக்குள் கணக்குப் போட்டான். வேகமாகப் போனால் வண்டி போய்ச் சேராது. மெதுவாகப் போனால் மனுஷன் போய்ச் சேரமாட்டார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இப்படி ஒரு கணக்கு வந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் பங்க்கில் 'ஸ்டாக் இல்லை' என்று பலகை தொங்கியது. வெள்ளிக்கிழமை என்பதால் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள்.

ரகுபதி கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் முழுங்கிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். டர்போ விசில் அடித்தது. முன்னால் ஒரு அம்பாசடர், இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டுகொண்டிருந்தது.

"பாரு மச்சான் மிச்சம் புடிக்கிறத. வண்டி ஓட்டறானா, பாடை தூக்கினு போறானா?"

"மாமா, பெட்ரோல் முள்ளப் பாரு மாமா! நடு ரோட்ல நின்னா இன்னா பண்ணுவ? தோள்ல தூக்கினு போவியா?"

"போவேன்டா. எங்கப்பன் மூச்சு இருக்கசொல்ல வாசப்படி தாண்டணும். அவ்ளோதான் எனக்கு."

கார் ஒரகடம் சாலையில் திரும்பியது. ரகுபதி இடது கையை நீட்டி அப்பாவுவின் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். "நைனா, தோ வந்துட்டோம்," என்றான்.

கொஞ்ச தூரம் போனதும் விசில் நின்றது. பூஸ்ட் முள் இறங்கிப் படுத்துக்கொண்டது. ஒருவழியாகத் தன் பேச்சு மாமாவின் காதில் ஏறிவிட்டது என்று ஜீவானந்தம் மூச்சு விட்டான்.

ஒரு மொபெட் அவர்களை முந்தியது. பிறகு, கேரியரில் வைக்கோல் கட்டிய சைக்கிள் ஒன்று.

"மாமா, இவ்ளோ மெதுவா வாணாம். பெட்ரோல் பத்தும்போலத்தான் கீது. கொஞ்சம் அமுக்கு."

"இருக்கட்டும் மச்சான். மிச்சம் புடிப்போம்."

ஒரு இறக்கம் வந்தது. ரகுபதி எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டான்.

வாலாஜாபாத்துக்கு முன்பே மண்பாதையில் திரும்பி, கார் அப்பாவுவின் வீட்டு வாசலில் நின்றது. 'இனிமே செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க' என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொல்லி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வழியில் உயிர் போனவரை அந்த ஊரில் வீட்டுக்குள் விடமாட்டார்கள். தெருவிலேயே கிடத்தி, தெருவிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

தெருவே கூடி நின்றது. உள்ளே பாய் விரித்து, கிண்ணத்தில் பாலோடு காத்திருந்த ரகுபதியின் அம்மா செங்கமலம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மூச்சு கீதாடா?"

"கீதும்மா."

ஜீவானந்தம் கால்பக்கம் பிடித்தான். கம்பளிக்குள் பாதம் சில்லிட்டுக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரகடம் ரோட்ல திரும்பசொல்லவே பூட்டாரு மச்சான்," ரகுபதி உதடு அசையாமல் சொன்னான். "வாய மூடினு தூக்கு."

ஜீவானந்தம் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்: "மெதுவா தூக்குங்க, பெரியவருக்கு மூச்சு வாங்குது!"