பதினொரு மணிக்குத் தூக்கிய கைகள்

தினமும் பதினொரு மணிக்கு விற்பனை அறிக்கை ரிஃப்ரெஷ் ஆகும்போது அந்த அலுவலகத்தில் முப்பது பேரும் கீபோர்டிலிருந்து கையைத் தூக்கிக்கொள்வார்கள். ‘மெமரி போதவில்லை’ என்று அடிக்கடி நடுவழியில் நின்றுகொண்டிருந்த அறிக்கை, எல்லோரும் கேக் வெட்டப் போயிருந்த ஒருநாள் முழுதாக ஓடிவிட்டது. அன்றிலிருந்து மேனேஜர் சங்கரலிங்கத்தின் உத்தரவு இது. நின்றுபோகும் நாளில், கையை இறக்கியது யார் என்று விசாரணை நடக்கும். அறிக்கை ஓடும் சர்வர் இருப்பதோ வேறு நாட்டில். புதிதாகச் சேர்ந்த அங்கயற்கண்ணி அறிக்கையை ஒரு வாரம் தோண்டி, ஒன்பது வருடமாக யாருமே படிக்காத ‘குறிப்பு’ நெடுவரிசைதான் மெமரியை விழுங்குகிறது என்று கண்டுபிடித்து, இன்று காலை அதை நீக்கிவிட்டாள்.

“இனிமே கையத் தூக்க வேணாம் சார்.”

“சரிம்மா. இன்னிக்கு மட்டும் தூக்கிக்கோ. எம்.டி. மீட்டிங் இருக்கு.”

தூக்கினாள். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு சதவீதம். அப்போது பார்த்து அவளுக்கு மூக்கு அரித்தது. கை லேசாக இறங்கியதும் அத்தனை கண்களும் அவள் பக்கம் திரும்பின.

“அம்மா தாயே,” என்றார் சங்கரலிங்கம், தூக்கிய கைகளை அப்படியே தலைக்கு மேல் கூப்பி.

அங்கயற்கண்ணி மூக்கை மெதுவாகத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.