யார் முதலில் பேசுவது?

அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை என்று மா டாவி முடிவு செய்திருந்தாள். அவன் அவளுடைய சாப்பாட்டுக் கடையின் நடு மேசையில், முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு, வியர்வை வழிய உட்கார்ந்திருந்தான்.

டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் காய்களைக் கையிலேயே பிடித்தபடி நிறுத்திவிட்டார்கள். யாரோ ரேடியோவை அணைத்தார்கள். கடல் சத்தம் மட்டும் கேட்டது.

மீன்காரன் எவரிஸ்ட் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்தான். "குட் மார்னிங், மா டாவி. என்ன, கடை எழவு வீடு மாதிரி இருக்கு?"

"குட் மார்னிங். நடு மேசையைப் பாரு."

எவரிஸ்ட் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "அட, டூரிஸ்ட்டு! நம்ம அன்ஸ் கூலிப்ரி கிராமத்துக்கா! நீ இன்னும் அடுப்புகிட்ட என்ன பண்றே? போய் என்ன வேணும்னு கேளு!"

"குட் மார்னிங் சொல்லாம உள்ள வந்தான்டா. மாட்டுக் கொட்டகையில நுழையற மாதிரி நுழைஞ்சு உக்காந்துட்டான்."

எவரிஸ்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். வீடோ கடையோ பஸ்ஸோ, அந்த ஊரில் உள்ளே வருகிறவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். அதுவரை உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். மா டாவி கடையில் அது சட்டம். ஓட்டுக் கேட்டு வந்த மந்திரியே குட் மார்னிங்கை மறந்து, வெறும் வயிற்றோடு திரும்பிப் போயிருக்கிறார்.

"அவனுக்கு நம்ம வழக்கம் எப்படித் தெரியும்?"

"குட் மார்னிங் அவங்க பாஷைதானே? நம்ம பாட்டன்களுக்கு அதைக் கத்துக்கொடுத்ததே அவங்கதான்!"

"நல்லா பேசு. புயல்ல ரோடு போனதிலேர்ந்து உன் கடைக்கு வர்றது இந்த டொமினோக் கும்பல்தான். ஆளுக்கு ஒரு கொக்கோ குடிச்சிட்டு சாயங்காலம்வரை எந்திரிக்க மாட்டானுங்க. இந்த சீசன்லயும் ஆள் வரலைன்னா கடையை மூடிட்டு டொரண்டோ வந்துடுன்னு உன் மக சொல்லிட்டா. அங்க போய் ஜன்னல் வழியா பனியைப் பாத்துக்கிட்டு உக்காரப் போறியா?"

மா டாவி பொரித்த ரொட்டியையும் கருவாட்டு வறுவலையும் ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் வைத்தாள். சமையலறை வாசல்வரை போய் நின்றுவிட்டாள்.

"அரை குட் மார்னிங் போதும், எவரிஸ்ட். உதட்டை அசைச்சாக்கூடக் கொண்டுபோய் வெச்சிடுவேன்."

அவன் அசைக்கவில்லை. சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒவ்வொரு முகமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவன் கைகளை முழங்கால்மேல் வைத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டான்.

"தூங்கறான்," என்றாள் மா டாவி.

"தூங்கல. சிரிக்கிறான் பாரு."

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

"போச்சு," என்றான் எவரிஸ்ட். "இனிமே குட் மார்னிங் சொன்னாலும் செல்லாது."

வெள்ளைக்காரன் எழுந்தான். நெஞ்சில் கை வைத்து, டொமினோக்காரர்களைப் பார்த்து மெதுவாகக் குனிந்தான். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய், வாதுமை மர நிழலில் நின்று கடையைப் போட்டோ எடுத்தான்; வெகுநேரம் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

அவன் தலை மறைந்ததும் டொமினோக் காய்கள் பலகையில் படபடவென்று விழுந்தன. "பைத்தியம்," என்றார்கள். மா டாவி அந்தத் தட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆறிப்போன ரொட்டியைத் தானே பிட்டுப் பிட்டுத் தின்றாள்.

சில வாரங்கள் போயின. வேறு யாரும் வரவில்லை. மகள் விமான டிக்கெட் அனுப்பிவிட்டாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில், எவரிஸ்ட் மூச்சிரைக்க ஓடி வந்தான். "குட் மார்னிங் மா டாவி, படகு! படகு நிறைய ஆளுங்க! நேரா இங்கதான் வர்றாங்க!"

வந்தார்கள். எல்லா மேசையும் நிறைந்தது. இடம் கிடைக்காதவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடக் குட் மார்னிங் சொல்லவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். டொமினோக்காரர்கள் சுவரோரம் ஒதுங்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இத்தனை பேருமா வளர்ப்பு சரியில்லாம வளந்தாங்க?" என்று மா டாவி கிசுகிசுத்தாள்.

"அதை அப்புறம் விசாரிக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் நீ முதல்ல பேசினா வானம் இடிஞ்சு விழாது. பேசலைன்னா பனிதான் தலையில விழும்."

அவள் கொதிக்கும் சட்டிகளைப் பார்த்தாள். அலமாரியில் செருகியிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தலைத்துணியை அவிழ்த்து, புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டாள்.

கடைக்கு நடுவில் போய் நின்றாள். தன் கூரைக்குக் கீழே வந்தவர்களிடம் அவள் ஒருநாளும் முதலில் பேசியதில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, கூடவே இன்னும் எதையோ விழுங்கிக்கொண்டு, உரக்கச் சொன்னாள்.

"எல்லாருக்கும் குட் மார்னிங்!"

மூடியிருந்த கண்களெல்லாம் திடுக்கிட்டுத் திறந்தன. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவள் கையை அன்போடு பற்றி, தன் உதட்டில் விரல் வைத்து, காதருகே சொன்னாள்:

"உஷ்! இந்த ஊர்ல பேசக் கூடாது. நீங்க புதுசா?"