நாற்பத்தெட்டுப் படி உப்பு

மில் வளாகத்தில், முதலாளி பங்களாவின் நீச்சல் குளத்தைச் சுற்றி நாலு பேர். மில் மேனேஜர் முத்துராமலிங்கம் வேப்பமர நிழலில், பிரம்பு நாற்காலியில். சென்னைக் கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் அகமது கபீர் பம்ப் ரூம் வாசலில், மெஷினுக்கு முன்னால் குத்தவைத்து. குளம் கூட்டுகிற ஆண்டிச்சாமி தண்ணீருக்குள் இறங்கும் மேல்படியில். ஸ்டோர் கிளார்க் சௌந்தரபாண்டியன் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், மடியில் பேடும் பேனாவுமாக.

தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது.

உப்புத் தண்ணீரிலிருந்தே குளோரின் எடுத்துக்கொள்கிற அந்த மெஷினை முதலாளியின் மருமகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து மூன்று வருஷம் ஆகிறது. பன்னிரண்டு நாளாக, போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். யார் கெடுத்தது என்று முதலாளி கோயம்புத்தூரிலிருந்து இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார்.

கபீர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஃபியூஸ் சரி. வயர் சரி. தகடுகளில் வெள்ளையாகப் படிந்திருந்ததை ஆசிட் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி மாட்டினார். அதே சிவப்பு.

சௌந்தரபாண்டியன் எல்லாவற்றையும் மணியோடு எழுதிக்கொண்டார். எழுத்து வேலை அவருக்குக் கைவந்தது. வாயைத் திறந்து பேசத்தான் வராது. எதை எழுதினாலும் அடியில் கார்பன் வைப்பார். நகல் இல்லாமல் ஒரு காகிதம் அவர் கையை விட்டுப் போனதில்லை.

கடைசியில் கபீர் ஒரு கண்ணாடிக் குப்பியில் குளத்துத் தண்ணீரை மொண்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

மெஷினில் கோளாறே இல்லை என்றார். தண்ணீரில் உப்பு கூடிக்கிடக்கிறது. கரண்ட் அளவுக்கு மேல் ஏறுகிறது. அதனால் மெஷின் தானாக நின்றுகொள்கிறது. இந்தக் குளத்துக்கு இருநூறு கிலோ போதும். இருப்பது இருநூற்று எழுபதுக்கு மேல். கால்வாசித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் ஓடும்.

மேனேஜர் ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினார்.

"ஏலே, எழுபது கிலோவாம்ல. கருவாடு போடவா கொட்டுனே?"

ஸ்டோருக்கு வந்தது ஐம்பது கிலோ உப்பு மூட்டை ஆறு. குளத்தில் போட்டது நாலு. மீதி இரண்டும் தைத்த தையல் பிரியாமல் அப்படியே இருந்தன. அப்படியானால் உப்பு வெளியிலிருந்து வந்திருக்கிறது. குளத்துப் பக்கம் தினமும் வருகிறவன் கூட்டுகிறவன்தானே. நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆண்டிச்சாமி எட்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். துண்டால் காலைத் துடைத்துக்கொண்டார்.

"நாந்தான் போட்டேன்னு எழுதிக்கிடுங்க," என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

சௌந்தரபாண்டியனின் பேனா நின்றது. இடது கை மேலுதட்டைத் தடவியது. மழித்த மீசை இப்போதுதான் முள்ளாக அரும்பிக்கொண்டிருந்தது.

ஆண்டிச்சாமி பேரைப் போட்டு முதலாளிக்கு எழுதி, நாலரை மணித் தபாலில் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு மேனேஜர் எழுந்து போனார்.

ஸ்டோர் ரூமில் யாரும் இல்லை. மெஸ்ஸில் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுப் பிரியாமல் மேசையோரம் இருந்தது. சௌந்தரபாண்டியன் தேதி போட்டார். 26.4.96. வழக்கம்போல் நம்பர் போட்டு எழுத ஆரம்பித்தார்.

ஒன்று. மெஷினில் பழுது இல்லை.

இரண்டு. ஆண்டிச்சாமி மேல் தவறு இல்லை.

மூன்று. உப்பைப் போட்டது நான்.

என் மனைவி செல்லத்தாய்க்கு மார்பில் கட்டி. மதுரையில் காட்டியதில், முற்றிப்போய்விட்டது, இனி வைத்தியம் இல்லை என்றார்கள். தினம் ஒரு படி உப்பு, ஒரு மண்டலம், கோயில் தெப்பத்தில் கரைத்தால் கட்டியும் கரையும் என்று நேர்ந்துகொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெப்பம் வறண்டு, உள்ளே கிரிக்கெட் ஆடுகிறார்கள். எனக்குத் தெரிந்து நிறையத் தண்ணீர் கிடந்தது இங்கேதான். சாவி என்னிடம் இருந்தது. முதல் பஸ்ஸில் வந்து, ஆள் வருமுன் போட்டேன். அவளிடம் தெப்பத்தில் போட்டதாகச் சொன்னேன். தண்ணி எம்புட்டுக் கெடக்கு என்று தினமும் கேட்பாள். படி முங்கக் கிடக்கு என்பேன்.

பேனாவை வைத்தார்.

ஆள் வருமுன் என்று எழுதியது சரிதானா என்று யோசித்தார். ஒருநாள் விடியலில், உப்புப் பையை உதறிவிட்டு நிமிர்ந்தபோது, வேப்பமரத்தடியில் விளக்குமாறோடு ஆண்டிச்சாமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சருகே இல்லாத இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆண்டிச்சாமி பார்க்கவில்லை என்றுதான் சௌந்தரபாண்டியன் இதுவரை நினைத்திருந்தார்.

மறுபடியும் பேனாவை எடுத்தார்.

நான்கு. போட்டது நாற்பத்தெட்டு நாள். செல்லத்தாய் முப்பத்தொன்றாம் நாள் இறந்துபோனாள். துக்கத்துக்கு லீவில் இருந்தபோதும் முதல் பஸ்ஸில் வந்து, மீதிப் பதினேழு நாளும் போட்டேன்.

காரணம், என்று எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை. அந்த ஒரு சொல்லையும் அடிக்காமல் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உறையை ஒட்டி, விலாசத்தை ஒரு தடவை சரிபார்த்தார். கார்பன் தாள் மேசை டிராயருக்குள்ளேயே கிடந்தது.

தபாலாபீஸ் வாசலில் பெட்டியைத் திறந்து கடிதங்களைத் தபால் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கடிதத்தைப் பெட்டிக்குள் போடாமல், நேரே அந்தப் பைக்குள் போட்டார்.