டைப் அடித்த மனு

அந்தத் தோட்டத்தில் டைப்ரைட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவத்தின் மேசைமேல் இருந்தது. மந்திரி சபாபதி கையில் பிடித்திருந்த மனுவோ, டைப் அடித்த மனு.

சாம்பசிவத்தின் பதினோரு வருஷத்து உத்தியோகம், ஓட்டு வீடு, நிறைமாதமாக இருக்கும் மனைவி யோகம், எல்லாமே அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தன.

கால் மணி நேரத்துக்கு முன்புவரை விழா நன்றாகத்தான் நடந்தது. மலாயாத் தமிழர்கள் எப்படியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சென்னையிலிருந்து வந்த மந்திரிக்கு, ஜொகூரில் செனாய் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை தம் கையாலேயே மாலை போட்டார். மந்திரியும் எழுந்து தம் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார்.

"இதோ பக்கத்து ஜொகூர் பாருவில நாலு வருஷம் வக்கீலா இருந்தவன் நான். கூலி ஜனங்களுக்காக நான் ஏறாத கோர்ட்டு இல்லை. அப்புறம் தேசம் கூப்பிட்டுது, போனேன்."

தேசம் கூப்பிட்டபோது அவர் ஒரு கட்சியில் இருந்தார். தேர்தல் கூப்பிட்டபோது இன்னொன்றில் இருந்தார். பதவி கூப்பிட்டபோது மூன்றாவதுக்கு வந்து சேர்ந்திருந்தார். அதையெல்லாம் சொல்ல நேரம் போதவில்லை போலிருக்கிறது.

கைதட்டல் ஓய்ந்ததும், பாலுக்காக ரப்பர் மரம் சீவும் வெள்ளையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மந்திரியிடம் நீட்டினாள். ஓரமெல்லாம் பழுப்பேறிய தாள். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு அடுப்புப் புகையில் எந்தத் தாள்தான் வெள்ளையாக இருக்கும்?

மந்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஆலைக் கழிவு கலந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் சாகின்றன, லயத்துக்கு ஒரு கிணறு வேண்டும், அதைக்கூட வெட்டித் தராத நிர்வாகத்தைக் கொலைகாரர்கள் என்றே சொல்லுவோம் என்று சூடான இங்கிலீஷில் எழுதியிருந்தது. கீழே நாற்பது கைநாட்டு. எழுதியவர் பேர் மட்டும் இல்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த துரையின் முகம் சிவந்தது. மத்தியானம் மந்திரிக்கு அவர் பங்களாவில்தான் விருந்து.

"யாரம்மா இதை எழுதிக் கொடுத்தது?" என்றார் மந்திரி.

வெள்ளையம்மா அவர் முகத்தையே ஆசையாகப் பார்த்தாள். "ஐயாவுக்குத் தெரியாதாங்களா?"

"ஏன் தெரியாது?" மந்திரி மெதுவாகச் சாம்பசிவத்தின் பக்கம் திரும்பினார். அவருக்குள் படுத்திருந்த வக்கீல் சோம்பல் முறித்து எழுந்துவிட்டான். "இந்தத் தோட்டத்துல டைப்ரைட்டர் எத்தனை, கிராணியாரே?"

"ஒண்டுதான் ஐயா."

"டைப் அடிக்கத் தெரிஞ்சவங்க?"

"நான் ஒராள்தான். ஆனா சத்தியமா இது நான் அடிச்சதில்லை ஐயா!"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்."

சாம்பசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "துரையைக் கேட்டுப் பாருங்கோ! பதினொரு வருசத்தில இந்தச் சனத்துக்காக நான் ஒரு வரி எழுதினதில்லை!" என்று கத்தினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது சுத்தமான உண்மை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மந்திரி தாளை விரலால் சுண்டினார். "இது மனுவே இல்லை, தூண்டிவிடற எழுத்து. சட்டமும் தெரியாம, பேர் வாங்க அலையற ஆளோட வேலை. கிணறு வேணும்னா பணிவாக் கேக்கணும். கொலைகாரன்னா எழுதறது?"

"கிணறு வருங்களா ஐயா?" என்று கேட்டாள் வெள்ளையம்மா. சென்ற மழைக்காலத்தில்தான் அவள் மூன்றாவது பிள்ளையைப் புதைத்திருந்தாள்.

"கிணறு கிடக்கட்டும்!"

துரை சாம்பசிவத்தைப் பார்த்து, சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்யும்படி இங்கிலீஷில் சொன்னார். சாம்பசிவம் வெள்ளையம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய்க் கையைக் கூப்பினார். இத்தனை வருஷத்தில் அவளை 'ஏய்' என்று தவிர வேறு எப்படியும் அவர் கூப்பிட்டதில்லை.

"தாயே, ஆர் எழுதினதெண்டு சொல்லு! நான் பிள்ளை பிறக்கப்போற வீட்டுக்காரன்!"

"பயப்படாமச் சொல்லம்மா" என்றார் மந்திரியும், துரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. "எழுதினவன் யாரா இருந்தாலும் சரி, இந்தத் தோட்டத்துல மட்டுமில்லே, ஜொகூர் மண்ணுலயே இருக்கக் கூடாது. நானே கப்பலேத்தி விடறேன்."

வெள்ளையம்மா குழம்பிப்போனாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மந்திரியையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரிய பதவிக்காரரு யாராச்சும் வந்தா கையில குடுன்னு எழுதினவருதாங்க சொன்னாரு. அன்னையிலேர்ந்து அம்மன் பெட்டியில வெச்சுக் காத்துக் கெடந்தோம்."

"அதான் கேக்கறேன், அந்த ஆள் யாரு?"

"அவரு அப்பவே கப்பலேறிப் போயி, இப்ப மந்திரியாத் திரும்பி வந்திருக்காருங்க, ஐயா."