கேட்காத இசை

"சண்டை முடிஞ்சுபோச்சு, எதிரி செத்துட்டான். ஊத் எதுக்கு மறுபடியும் முதல்லேருந்து அழுவுது? அதுக்கென்ன மறதி நோயா?" என்றான் ஹாத்திம்.

அம்மான் நகரில் இருந்த அந்தச் சின்ன வீடியோ கேம் நிறுவனம் அவனுடையது. திரையில் ஒரு வீரன் பாலையில் நின்றுகொண்டிருந்தான். அவன் சும்மா நடந்தால் ஊத் என்ற அரபு வீணையின் நரம்புகள் ஒலிக்க வேண்டும். எதிரி நெருங்கினால் முரசு எழ வேண்டும். இரண்டு இசையும் சேர்ந்தேதான் ஓடும். ஒன்றின் சத்தம் மட்டும் அடியோடு இறங்கியிருக்கும். எதிரி விழுந்ததும் ஊத் தாளம் பிசகாமல் நடுவிலிருந்து திரும்ப வேண்டும். அதுவோ ஒவ்வொரு தடவையும் முதல் சுரத்தில் தொடங்கித் தடுக்கி விழுந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. விளையாட்டை வாங்க துபாயிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் தப்பு செய்தவர் வீட்டுக்குப் போகலாம் என்று ஹாத்திம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தான்.

ஒலிப் பிரிவில் இரண்டே பேர். முன்திர் பதினோரு வருடமாக இருக்கிறார். ருபா வந்து ஆறு மாதம் ஆகிறது. அவளைச் சேர்த்துவிட்டதே முன்திர்தான். அவள் அவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த நாலு நாளும் அவர் அவள் மேசைக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தார். ஊத் இசையைப் புதிதாகப் பதிவு செய்து பார் என்றார், தாளத்தை எண்ணிப் பார் என்றார். அவள் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் செய்தாள். ஒரே ஒருமுறை மட்டும் கேட்டாள்.

"உஸ்தாத், பழசுல ஏதாவது இருக்குமோ? நல்லா யோசிச்சுப் பாருங்களேன்."

"பழசெல்லாம் நான் பாத்துட்டேன்மா."

இப்போது ஹாத்திம் அவர் பக்கம் திரும்பினான். "இசை மாத்துற வேலையை யார் பாக்குறது, அபூ லைத்?"

இப்படி 'லைத்தின் அப்பா' என்று மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால் ஹாத்திம் அவரை மதிக்கிறான் என்று அர்த்தம். அந்த மகனுக்கு இந்த வருடம்தான் கல்லூரி.

"ருபாதான்," என்றார். அது பொய்யில்லை.

ருபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள் என்று நினைத்து முன்திர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். தன்னிடம் விட்டால் இன்றைக்கே சரி செய்துவிடுவதாக ஹாத்திமிடம் சொன்னார்.

"அப்ப இவ எதுக்கு?" என்றான் ஹாத்திம்.

ருபா ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டாள். கதவருகில் நின்று, "லைத்தைக் கேட்டேன்னு சொல்லுங்க உஸ்தாத்," என்றாள். போய்விட்டாள்.

முன்திர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே போய்த் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஞாயிறன்று அந்த ஊத் தடுக்கியதைக் கேட்டபோதே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் விளையாட்டில் இசையே கிடையாது. காற்றும் ஆட்டுச் சத்தமும்தான். மலிவான போன்கள் திணறக் கூடாதென்று, 'காதில் விழாத சத்தத்தை நிறுத்திவிடு' என்ற கட்டத்தில் அவர்தான் ஒரு டிக் போட்டு வைத்தார். இன்று சத்தம் இறங்கிய ஊத் இசையை அந்த டிக்தான் கொன்று, முதலிலிருந்து தொடங்க வைத்துக்கொண்டிருந்தது.

டிக்கை எடுத்தார். ஊத் அழகாக நடுவிலிருந்து திரும்பியது.

இனிச் சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நிறுவனத்தில் யார் எதை மாற்றினாலும் பெயரும் காரணமும் எழுதாமல் சேமிக்க முடியாது. எழுதியதை அழிக்கவும் முடியாது. ஹாத்திம் உட்பட எல்லாரும் படிக்கலாம். பழைய பதிவுகள் திரையில் விரிந்தன. கடைசி இரண்டும் ருபாவுடையவை. இரண்டும் ஞாயிற்றுக்கிழமை காலை எழுதியவை.

'10.05. டிக்கை எடுத்தேன். ஊத் சரியாகத் திரும்புகிறது.'

'10.20. டிக்கைத் திரும்ப வைத்துவிட்டேன். இது உஸ்தாத் முன்திர் போட்டது. அவரே சொல்லட்டும்.'