டேட்டாபேஸில் இன்னொருவர்

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் இருப்புக் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. எண்கள் மட்டும் வேறொரு டேட்டாபேஸிலிருந்து வரும். அதை ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவருக்கு எண்கள் வராது. திறந்து வைத்துவிட்டு மறந்துபோவது எப்போதும் அடுத்த மேஜையில் வேலை பார்த்த என் மனைவிதான். தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, "வெளிய வா தாயே!" என்று கத்துவேன். "வரேன், உசுர வாங்காதீங்க" என்பாள்.

அவள் இறந்த பிறகு அவளுடைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

இன்று காலை எண்கள் வரவில்லை. லிங்க் சரியாக இருந்தது. பாஸ்வேர்டும் சரி. டேட்டாபேஸை இன்னொருவர் பயன்படுத்துகிறார் என்று திரையில் வந்தது. கீழே அவள் பெயர் இருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "யாருய்யா அது, அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு?" பெயரைப் படித்ததும் குரல் இறங்கிவிட்டது. "சர்வரை நிறுத்திடுப்பா. கணக்கு வராம சரக்கு ஏத்த முடியாது. லாரி நிக்குது."

சர்வரை நிறுத்தினால் உள்ளே இருப்பவரைத் தூக்கி வெளியே எறிந்துவிடும்.

"வேணாம் சார். சொன்னா வந்துடுவா."

அவர் லாரியைப் பார்க்கப் போனார். லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் தடுப்பின் பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று, உதடு மட்டும் அசைய, "வெளிய வா" என்றேன்.

கேட்டுவிட்டது. கட்டங்களில் ஒவ்வொன்றாக எண்கள் வந்து நிரம்பின.